இருவாட்டி இருக்கக் களிமண் எதற்கு?

"துறைமுக வண்டல் களிமண்" என்று போன வாரம் ஒரு வேளாண் பாடக்குறிப்பில் பார்த்தேன். அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்து மண்ணாம். அந்த மாநிலத்துக்குக் கடற்கரையே கிடையாது. இரண்டு முறை படித்த பிறகுதான் விளங்கியது, 'போர்ட் சில்ட் லோம்' என்பதைத்தான் அப்படி ஆக்கியிருக்கிறார்கள். போர்ட் என்பது அங்கே வாஷிட்டா கவுண்டியில் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் போல) உள்ள ஒரு சிற்றூர். ஒரு மண் வகையை வரையறுக்கும்போது பக்கத்து ஊரின் பெயரை அதற்கு வைத்துவிடுவது அமெரிக்க வழக்கம். ஊர்ப்பெயரையெல்லாம் மொழிபெயர்க்கப் புறப்பட்டால் திண்டிவனத்தைப் புளியங்காடு என்றுதான் எழுதவேண்டி வரும்.

சரி, துறைமுகம் சிரித்துவிட்டுப் போகக்கூடிய பிழை. என்னை உறுத்துவது கடைசியில் உட்கார்ந்திருக்கும் களிமண். லோம் என்றால் களிமண் என்று எழுதுவதை எத்தனை இடத்தில்தான் பார்ப்பது!

லோம் என்பது பழைய ஆங்கிலத்தில் 'லாம்'. சேறு, களி என்று பொருள். ஜெர்மனின் 'லேம்' அதன் உடன்பிறப்பு, லத்தீனின் 'லீமுஸ்' தூரத்துச் சொந்தம். ஆக, களிமண் என்று போடும் அகராதி பொய் சொல்லவில்லை, பழைய கதையைச் சொல்கிறது. மண்ணியலில் அந்தச் சொல்லின் பொருள் எப்போதோ மாறிவிட்டது. இன்று லோம் என்பது ஒரு கலவை விகிதம். அமெரிக்க வேளாண்துறையின் கணக்குப்படி களி 7 முதல் 27 சதவீதம், சில்ட் (களியைவிடப் பெரிய, மணலைவிடச் சிறிய துகள்) 28 முதல் 50 சதவீதம், மணல் 52 சதவீதத்துக்கு மிகாமல் இருந்தால் அது லோம். சில்ட் பாதிக்கு மேல் போனால் சில்ட் லோம். களி 40 சதவீதத்தைத் தொட்ட பிறகுதான் களிமண் என்ற பேச்சே. கால் பங்கு களி உள்ள மண்ணைக் களிமண் என்பது, கூட்டாஞ்சோற்றைக் கத்தரிக்காய் என்பது போல.

இதில் என்ன கெட்டுப்போயிற்று என்று கேட்கலாம். அதே குறிப்பில் அடுத்த வரி: இந்தக் களிமண்ணில் குதிரைமசால் செழித்து வளரும். மாட்டுக்குத் தீவனம் போடும் யாரிடம் வேண்டுமானாலும் இதைப் படித்துக் காட்டுங்கள். நீர் தேங்கினால் குதிரைமசால் வேர் அழுகிப் போகும், களிமண்ணிலா போடுவாய் என்று கேட்பார்கள். போர்ட் மண் ஆற்றோரத்து மண்தான், ஆனாலும் நல்ல வடிகால் உள்ளது. அதனால்தான் அங்கே குதிரைமசாலும் கோதுமையும் சோளமும் பருத்தியும் விளைகின்றன. ஓக்லஹோமாவில் 33 கவுண்டிகளில், ஏறத்தாழ 10 லட்சம் ஏக்கரில் பரவிக் கிடக்கிறது. 1987-இல் அதையே மாநில மண்ணாகவும் அறிவித்தார்கள். நிறம் கரும்பழுப்பிலிருந்து கருஞ்சிவப்பு வரை போகும்.

அந்தச் சிவப்பைப் பற்றி ஒரு வார்த்தை. செம்மண் என்று எழுதிவிட்டால் நம் ஊர்க்காரருக்குக் கருங்கல் பாறை இருந்த இடத்திலேயே மட்கி உண்டான, மக்கு குறைந்த மானாவாரி நிலம்தான் கண்முன் வரும். போர்ட் மண்ணின் சிவப்பு அப்படி வந்ததல்ல. 25 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய பெர்மியன் காலத்துச் செந்நிற மணற்கல்லும் களிக்கல்லும் மேட்டில் கரைந்து, வெள்ளத்தோடு வந்து படிந்த இரவல் நிறம் அது. அடியில் சுண்ணாம்புச் சத்து உண்டு. மேல்மண் மக்கு நிறைந்தது, ஆழமானது. ஒவ்வொரு வெள்ளமும் கொஞ்சம் கொட்டிவிட்டுப் போனதில் அரை மீட்டருக்கும் மேல் தடித்திருக்கிறது. அமெரிக்க மண் வகைப்பாட்டில் இதற்குக் 'கியூமுலிக் ஹேப்லஸ்டால்' என்று பெயர். கியூமுலிக் என்றால் சேர்ந்து குவிந்தது. கடைசியில் வரும் 'ஆல்' மென்மையைக் குறிக்கும் லத்தீன் 'மோலிஸ்' சொல்லின் துண்டு, 12 பெருவகைகளில் ஒன்றான மோலிசாலை, அதாவது மக்கு நிறைந்த மென்மையான மேல்மண் கொண்ட வகையை, காட்டுவது. அந்த நீளப் பெயரில் சிவப்பும் இல்லை, களியும் இல்லை.

அப்புறம் லோமுக்குத் தமிழ் என்ன? இங்கேதான் 'பொறை' அணியோடு எனக்கு வழக்கு. இருபொறை மண், செம்பொறை மண் என்று சாகுபடிக் கையேடுகளில் தாராளமாக ஓடுகிறது. பொறை என்றால் குன்று, பாறை, சுமை, பொறுமை. சேரர்களில் ஒரு கிளை இரும்பொறை என்று பட்டம் வைத்துக்கொண்டது மலைக்காகத்தானே தவிர மண்ணுக்காக அல்ல. கையில் பொலபொலவென்று உதிரும் மண்ணுக்குப் பாறையின் பெயரா? அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், பொறை என்றாலே பொறுமைதானே. ஆனால் செம்பொறை என்பதை ஒருவர் செந்நிற லோமுக்கு எழுதுகிறார், இன்னொருவர் லேட்டரைட்டுக்கு எழுதுகிறார். லேட்டரைட் வெட்டியெடுத்து வீடு கட்டுகிற கல், நம் பேச்சில் செம்பாறாங்கல். உழுகிற மண்ணுக்கும் சுவர் எழுப்புகிற கல்லுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு கையேடு எழுதினால், படிப்பவர் கலப்பையை எடுப்பதா கடப்பாரையை எடுப்பதா?

என் ஓட்டு இருவாட்டிக்கு. இலங்கையில் பள்ளிப் பிள்ளைகள் மணல் மண், களிமண், இருவாட்டி மண் என்றே படிக்கிறார்கள். மணலும் களியும் இரண்டும் கலந்தது என்ற பொருள் சொல்லிலேயே இருக்கிறது. சென்னை நண்பர் ஒருவர், "ஒருவாட்டி சொன்னா பத்தாதா, இருவாட்டி சொல்லணுமா?" என்று கிண்டலடித்தார். அடிக்கட்டும், அப்படியாவது சொல் மனதில் நிற்கும். இங்கே புழங்கும் இருமண்பாட்டு நிலம் என்பதும் நல்ல தமிழ்தான், கொஞ்சம் நீளம்.

மிச்சம் இருப்பது வண்டல். ஆறோ ஏரியோ கொண்டுவந்து படியவிட்டது எதுவும் வண்டல். கோடையில் ஏரி வண்டலை வண்டி வண்டியாக அள்ளி வயலில் கொட்டுகிறவர் அதில் களி எவ்வளவு, மணல் எவ்வளவு என்று பார்த்துப் பெயர் வைப்பதில்லை. அது மண் வந்த வழியைச் சொல்லும் சொல். அதை எடுத்து 0.002 மில்லிமீட்டருக்கும் 0.05 மில்லிமீட்டருக்கும் இடைப்பட்ட துகளுக்கு, அதாவது சில்ட்டுக்கு, ஒட்டிவிட்டார்கள். விளைவு, ஆறு கொண்டுவந்த சில்ட் லோமை வண்டல் வண்டல் களிமண் என்றுதான் எழுதவேண்டும்! உலர்ந்த சில்ட்டை விரலால் தேய்த்தால் மாவுப்பொடி போலிருக்கும், களிபோல ஒட்டாது. பொடிமண் என்று சொல்லிப் பார்க்கிறேன், யாராவது இதைவிட நல்லதாகச் சொன்னால் விட்டுவிடுகிறேன். அப்படியானால் நம் மண் 'போர்ட் பொடியிருவாட்டி', செந்நிற ஆற்று வண்டலில் உண்டானது.

ஆங்கிலத்தின் 'ஃப்ளட்பிளெயின்' என்பதை அப்படியே பெயர்த்த வெள்ளச் சமவெளி என்றொரு பூதம் வேறு இருக்கிறது. காவிரிக்கரை வாழை விவசாயிக்கு அது படுகை. நாமோ அந்தச் சொல்லைப் பிடுங்கி, நூற்றுக்கணக்கான மைல் விரியும் ஆற்று வடிநிலத்துக்குக் கொடுத்துவிட்டு, அவருடைய நிலத்துக்குப் புதுப்பெயர் தேடுகிறோம்.

குறிப்பு எழுதியவருக்கு இதையெல்லாம் சொல்லி அனுப்பினேன். மறுநாளே திருத்திவிட்டார். இப்போது அது 'போர்ட் வண்டல் களிமண்'.