கிராஃபிட்டி: கீறலா, கிறுக்கலா, விளம்பரமா?

கொங்கு நாட்டில் 'கிராஃபிட்டி' என்ற சொல்லை மூன்று தரப்பார் புழங்குகிறார்கள். ஒருவர் சொல்வது இன்னொருவருக்குப் புரியாது. கொடுமணலில் குழி போட்டுத் தோண்டிய தொல்லியல்காரர்களைக் கேட்டால் அது பானை ஓட்டில் இருக்கும் கீறல். திருப்பூர் பிரிண்டிங் பட்டறைக்காரருக்கு அது பூ டிசைன், ராணுவ டிசைன் வரிசையில் வருகிற இன்னொரு டிசைன். கோவை உக்கடத்தில் அடுக்குமாடிச் சுவர்களின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளும் கல்லூரிப் பிள்ளைகளோ சுவரில் பெரிதாக என்ன வரைந்திருந்தாலும் கிராஃபிட்டி என்றுவிடுகிறார்கள். மூன்றுக்கும் சேர்த்து ஒரே தமிழ்ச்சொல் வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. அப்படி ஒன்றைக் கொடுக்கக் கூடாது என்பது என் கட்சி.

முதலில் வேர். இத்தாலிய மொழியில் 'கிராஃபியாரே' என்றால் கீறுவது, பிறாண்டுவது. கீறிய ஒன்று 'கிராஃபிட்டோ', பல இருந்தால் 'கிராஃபிட்டி'. இன்னும் பின்னால் போனால் கிரேக்கத்தின் 'கிராஃபெய்ன்' வரும். கீறுவதைக் குறித்த அந்தச் சொல்தான் பிறகு எழுதுவதற்கும் வரைவதற்கும் ஆகிவந்தது. நம் 'எழுது' என்பதும் இதே குணம் உடையது. ஓவியத்தையும் எழுதினார்கள், கண்ணுக்கு மையையும் எழுதினார்கள். கண்ணுக்குள் காதலர் இருக்கிறார், மை எழுதினால் மறைந்துவிடுவார் என்று குறளில் ஒருத்தி சொல்கிறாளே, அங்கே வருவது 'எழுதேம்' என்ற சொல்தான். ஓலையில் எழுத்தாணி கொண்டு எழுதியதும் சாட்சாத் கீறல்தான். கீறிவிட்டு மை தடவினால்தான் எழுத்து கண்ணுக்குத் தெரியும்.

ஐரோப்பாவில் இந்தச் சொல் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பரவியது. அதற்குக் காரணம் பாம்பேய் நகரம். கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை கக்கிய சாம்பலில் புதைந்த ஊரைத் தோண்டத் தோண்ட, சுவரெல்லாம் எழுத்து. காதல், வசவு, கடன் கணக்கு, யார் எங்கே வந்து போனார் என்ற விவரம், எல்லாம் கிடந்தன. இத்தனை பேர் எழுதும் சலிப்பைத் தாங்கிக்கொண்டு இன்னும் இடிந்து விழாமல் நிற்கிறாயே சுவரே என்று சுவரிலேயே எழுதிவைத்த குறும்பரும் இருந்தார். இங்கே நமக்கு வேண்டிய ஒரு சங்கதி உண்டு. பாம்பேயில் தேர்தல் எழுத்துகளும் நிறையக் கிடைத்தன: இன்னாரைத் தேர்ந்தெடுங்கள் என்று, கைதேர்ந்த ஆட்களை வைத்துச் சிவப்பிலும் கறுப்பிலும் பட்டையாக எழுதியவை. அறிஞர்கள் அவற்றைக் கிராஃபிட்டிக் கணக்கில் சேர்ப்பதில்லை. தீட்டியவை என்ற பொருளில் 'டிபின்டி' என்று வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். கூலிக்குத் தீட்டியது ஒரு சாதி, தானாகக் கீறியது இன்னொரு சாதி.

கொடுமணல் நொய்யலின் வடகரையில், சென்னிமலைப் பக்கம் இருக்கிறது. பதிற்றுப்பத்து சொல்லும் கொடுமணம் இதுதான் என்பார்கள். இரும்பு உருக்கிய ஊர், மணி கோத்த ஊர். அகழாய்வில் கிடைத்த பானை ஓடுகளில் ஆதன், சாத்தன் என்பது போன்ற பெயர்கள் தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தில் கீறப்பட்டிருக்கின்றன. எழுத்தாகாத குறிகளும் ஏராளம். தொல்லியல் நூல்களில் இவற்றைக் 'கீறல்கள்', 'கீறல் குறியீடுகள்' என்று எழுதுகிறார்கள். நல்ல தமிழ், மூலச் சொல்லின் பொருளும் பிசகவில்லை. இந்தத் துறைக்கு வேறு சொல் தேடவே வேண்டாம். ஆனால் அதே 'கீறல்' நியூயார்க் சுரங்க ரயிலுக்குப் பொருந்தாது.

அங்கே கதை வேறு. 1960களின் கடைசியில் ஃபிலடெல்ஃபியாவிலும் நியூயார்க்கிலும் பையன்கள் மார்க்கர் பேனாவும் ஸ்ப்ரே டப்பாவும் எடுத்துக்கொண்டு தங்கள் பெயரை ஊரெல்லாம் எழுத ஆரம்பித்தார்கள். 183ஆம் தெருவில் குடியிருந்த கிரேக்க வம்சாவளிப் பையன் ஒருவன் 'டாக்கி 183' என்று எழுதினான். கடிதம், பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை அவனுக்கு. போகிற இடமெல்லாம் பெயரை விட்டுவிட்டு வந்தான். 1971 ஜூலையில் நியூயார்க் டைம்ஸ் அவனைப் பற்றி எழுதியது. பிறகு ஊரில் பெயர் எழுதாத சுரங்க ரயில் பெட்டி இல்லை. ரயில் நிர்வாகம் வருடக்கணக்கில் மல்லுக்கட்டி, 1989 மே மாதம்தான் கடைசிப் பெட்டியையும் சுத்தம் செய்துவிட்டதாக அறிவித்தது.

இந்த ஆட்டத்தில் சம்பளம் இல்லை. கிடைப்பது பெயர் ஒன்றுதான். எவ்வளவு உயரத்தில், எவ்வளவு ஆபத்தான இடத்தில், எத்தனை தடவை எழுதினாய் என்பதை வைத்துச் சக எழுத்தர்கள் மதிப்புப் போடுவார்கள். ஆங்கிலத்தில் 'ஸ்ட்ரீட் கிரெட்' என்பது இந்த மதிப்பைத்தான். இதைத் 'தெரு நம்பகத்தன்மை' என்று மொழிபெயர்த்துக் கட்டுரை எழுதுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். படிக்கும்போது மாநகராட்சிச் சுற்றறிக்கை போல இருக்கும். நம் பையன்களிடம் சொல் தயாராக இருக்கிறது: கெத்து. 'ஏரியாவுல அவன் கெத்து' என்றால் அது காசு கொடுத்து வாங்கியது ஆகாது, அந்தத் தெருவே கொடுத்தது. அதை விற்றுக் காசாக்குபவனுக்கும் ஒரு சொல் இருக்கிறது: விலைபோய்விட்டான். இந்த இரண்டு சொல்லையும் கையில் வைத்துக்கொண்டால் மீதிக் கதை எளிதாகப் புரியும்.

கீத் ஹேரிங் சுரங்க ரயில் நிலையங்களில் காலியாகக் கிடந்த விளம்பரப் பலகைகளின் கறுப்புத் தாளில் சுண்ணக்கட்டியால் வரைந்து பேர் வாங்கியவர். 1986இல் அவரே கடை திறந்து டி-சர்ட்டும் பேட்ஜும் விற்றார். விலைபோய்விட்டார் என்று பேசினார்கள். கேலரியில் பணக்காரர் மட்டும் வாங்கும் படத்தைவிட எல்லாரும் வாங்கும் டி-சர்ட் மேல் என்பது அவர் வாதம். எனக்கு அதில் பிழை தெரியவில்லை. சொந்தக் கோட்டைச் சொந்தக் கடையில் விற்றார், அவ்வளவுதான். 2001இல் லூயி வித்தோன் என்ற சொகுசுக் கைப்பைக் கம்பெனி செய்தது அந்த ரகம் கிடையாது. ஸ்டீஃபன் ஸ்ப்ரௌஸ் என்ற ஆடை வடிவமைப்பாளரை வைத்துத் தங்கள் கைப்பையின் மேல் கிறுக்கல் எழுத்தில் எழுதவைத்தார்கள். என்ன எழுத்து? 'லூயி வித்தோன்'. சுவரில் எழுதுபவன் தன் பெயரை எழுதுவான். இங்கே பையை வாங்குபவர் காசு கொடுத்துக் கம்பெனியின் பெயரைச் சுமக்கிறார். பை அமோகமாக ஓடியது.

அதே வருடம் ஐபிஎம் கம்பெனி லினக்ஸ் என்ற கணினி இயங்குதளத்தை விளம்பரம் செய்ய சான் பிரான்சிஸ்கோவிலும் சிகாகோவிலும் நடைபாதையில் அமைதிக் குறி, இதயம், பெங்குயின் மூன்றையும் அச்சுத் தகடு வைத்து அடித்தது. தானே அழிந்துவிடும் என்றார்கள், அழியவில்லை. சான் பிரான்சிஸ்கோ நகராட்சிக்கு ஒரு லட்சம் டாலருக்கு மேல் கட்ட வேண்டியதாயிற்று. 2005இல் சோனி தன் கைக்கடக்க விளையாட்டுக் கருவிக்காகப் பல நகரங்களில் கட்டட உரிமையாளர்களுக்குப் பணம் கொடுத்துச் சுவர் பிடித்தது. கம்பெனிப் பெயரே போடாமல், முழிகண் பிள்ளைகள் அந்தக் கருவியோடு விளையாடுவது போல வரையவைத்தது. சட்டப்படி ஒரு குற்றமும் இல்லை. ஆனால் அந்தந்தத் தெருவில் எழுதுகிறவர்கள் விடவில்லை. எங்கள் ஊரைவிட்டுப் போ என்கிற தோரணையில் படத்தின் மேலேயே எழுதினார்கள். ஐபிஎம் அனுமதி இல்லாமல் எழுதி அபராதம் கட்டியது, சோனி அனுமதியோடு எழுதி அவமானப்பட்டது. இரண்டாவதுதான் கனத்த தண்டனை.

2018இல் இன்னும் விசித்திரம். புரூக்ளினில் ஒரு விளையாட்டுத் திடல் சுவரில் 'ரெவோக்' என்ற பெயரில் எழுதுபவர் வரைந்ததைப் பின்னணியாக வைத்து எச் அண்ட் எம் துணிக் கம்பெனி விளம்பரம் எடுத்தது. அவர் வக்கீல் நோட்டீஸ் விட்டார். அனுமதி இல்லாமல் வரைந்ததற்குப் பதிப்புரிமை ஏது என்று கேட்டு எச் அண்ட் எம் நீதிமன்றம் போனது. அதாவது அந்த எழுத்தின் கெத்து வேண்டும், எழுதியவன் வேண்டாம். எதிர்ப்பு கிளம்பியதும் வழக்கை வாபஸ் வாங்கிக்கொண்டார்கள். 2022இல் லண்டன் ரீஜன்ட் தெருவில் கெஸ் துணிக்கடையின் கண்ணாடிக்குள் தன் படம் இருப்பதைப் பார்த்த பேங்ஸி என்ற, முகம் காட்டாத சுவர் ஓவியர், கேட்காமல் என்னுடையதை எடுத்துக்கொண்டார்கள், நீங்களும் அவர்கள் துணியைக் கேட்காமல் எடுத்துக்கொள்ளுங்கள் என்று திருடர்களுக்கு இன்ஸ்டாகிராமில் அழைப்பு வைத்தார். கடைக்காரர்கள் கண்ணாடியை மூடிவைத்தார்கள்.

இப்படிக் கடல் கடந்து சண்டை போடும் சமாச்சாரம், கடைசியில் மார்புப் படமாக அச்சாவது பெரும்பாலும் நம்மைப் போன்ற ஊர்களில்தான். திருப்பூரில் ஒரு டேபிள் பிரிண்டிங் பட்டறையில் இதைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறேன். தைப்பதற்கு முன்னாலேயே, வெட்டிய துணியை நீள மேசையில் ஒட்டிவைக்கிறார்கள். நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன். ஸ்ப்ரே அடித்தால் ஓரத்தில் புகை போலப் படியுமே, அது ஃபிலிமில் பொடிப் புள்ளிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. புள்ளி கொஞ்சம் அடைத்துக்கொண்டால் புகை போய்த் திட்டாகிவிடும் என்று ஸ்கிரீனைத் திரும்பத் திரும்பத் துடைக்கிறார்கள். பெயின்ட் ஒழுகியதாக மூன்று தாரை. ஒவ்வொரு துணியிலும் அந்த மூன்று தாரையும் நூலிழை பிசகாமல் அதே இடத்தில் இறங்க வேண்டும், பிசகினால் ரிஜெக்ட். பழைய சுவர் போலத் தெரியக் 'கிராக்கிள்' பேஸ்ட் வேறு. சூட்டில் காய்ந்ததும் பரப்பு வெடித்துக் கோடு கோடாய் விழும். அவசரக் கையின் தற்செயலை இத்தனை பொறுமையாகச் செய்கிறார்கள் என்பதைப் பார்த்தபோது சிரிப்பும் வந்தது, மரியாதையும் வந்தது.

"ஏனுங்ணா, இதுல என்னங்க எழுதியிருக்குது?" என்று கேட்டேன்.

"அது எழுத்தே இல்லீங். எழுத்தாட்டத் தெரியோணும், ஆனா படிக்க வரக்கூடாது. எவனாச்சும் எம்பட பேருன்னு கேஸ் போட்டுட்டான்னா? அதுக்குத்தானுங் பையர் இப்படிக் குடுத்திருக்கறாரு."

இதற்குக் 'கிறுக்கல் பிரிண்ட்' என்று பெயர் வைத்தால் என்ன என்று கேட்டேன். "நீங்க வேறங்க. கிறுக்கல்னு கோட்டேஷன் அனுப்புனா ஆர்டர் போயிருமுங்" என்றார். திருப்பூர் காதர்பேட்டைத் துணிச் சந்தையில் இதே டி-சர்ட் சர்ப்ளஸ் குவியலில் சல்லிசாக வரும். நம் பையன்கள் போட்டுக்கொண்டு திரிவார்கள், யாருடைய பெயரும் இல்லாத பெயரை மார்பில் சுமந்துகொண்டு.

சுவருக்கு வருவோம். கொங்கு நாட்டில் சுவர் எழுத்துக்குப் பஞ்சமே இல்லை. தாராபுரம் சாலையோ அவிநாசி சாலையோ, எதில் போனாலும் சிமெண்ட், மோட்டார் பம்ப், பனியன், கம்பி. வீட்டுக்காரருக்குச் சுவர் முழுக்க ஓசியில் வெள்ளையடித்துக் கொடுத்துவிட்டு எழுதிக்கொள்வார்கள். தேர்தல் நெருங்கினால் கட்சிக்காரர்கள் வெள்ளையடித்து ஓரத்தில் 'ரிசர்வ்டு' என்று எழுதி, எந்த வருடம் வரை என்றும் போட்டுவிடுவார்கள். அடுத்த கட்சிக்காரர் அதில் கைவைத்தால் தகராறுதான். பொது இடங்களை இப்படி அலங்கோலப்படுத்துவதைத் தடுக்க 1959 முதலே மாநிலத்தில் சட்டம் இருக்கிறது. பாம்பேயின் 'டிபின்டி' நம் ஊரில் இன்னும் உயிரோடு இருக்கிறது என்று சொல்லலாம்.

இதற்கெல்லாம் நம்மிடம் பெயர் இருக்கிறது. கட்சிக்காரர் எழுதினால் சுவரெழுத்து. கம்பெனி எழுதினால் சுவர் விளம்பரம். ஐபிஎம் அடித்த பெங்குயினையும் சோனி வரைந்த பிள்ளைகளையும் ஆங்கிலப் பத்திரிகைகள் கிராஃபிட்டி என்று சொல்லித்தான் பேசின, அதனால்தான் அங்கே குழப்பம். நம் ஊர் ஆயாவிடம் காட்டியிருந்தால் ஒரே பார்வையில் 'வெளம்பரம்' என்று சொல்லியிருப்பார். எப்படி இருக்கிறது என்பதைப் பாராமல் யார் காசு என்பதைப் பார்ப்பதால் 'சுவர் விளம்பரம்' என்ற சொல் ஏமாறுவதில்லை.

உக்கடம் அடுக்குமாடிகளில் இருப்பவை சுவரோவியங்கள். அனுமதி வாங்கி, சாரம் கட்டி, நாள்கணக்கில் வரைந்தவை. சென்னை கண்ணகி நகரில் 2020 வாக்கில் வரையப்பட்டவையும் அப்படியே; அதில் ஏஷியன் பெயின்ட்ஸ் பங்காளி. பெயின்ட் விற்பவர் சுவரைக் கொண்டாடுவதில் ஆச்சரியம் இல்லை. படங்கள் அழகாக இருக்கின்றன என்பதிலும் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அவற்றைக் கிராஃபிட்டி என்று தலைப்பு போடுவது தப்பு.

அப்புறம் டாக்கி 183 எழுதியதற்குத் தமிழில் என்ன சொல்வது? 'சுவர்க்கிறுக்கல்' என்றே சொல்வேன். 'கிறுக்கல்' இழிவாக இல்லையா, கலை என்று ஆகிவிட்டதை இப்படிச் சொல்லலாமா என்று கேட்பார்கள். அந்த இழிவு வேண்டும். கேட்காமல் எழுதியது, திட்டு வாங்கியது, கிறுக்குப் பிடித்தவன் என்று பேர் எடுத்தது, இதெல்லாம் சேர்ந்துதான் அதன் கெத்து. 'வீதிக்கலை' என்று மெருகேற்றினால் கம்பெனிக்காரர் எதை வாங்க வருகிறாரோ அதைத் துடைத்துவிட்டுக் கொடுத்தது போலாகும். தவிர வீதிக்கலை என்றால் நம் மக்கள் வள்ளி கும்மியையும் ஒயிலாட்டத்தையும்தான் நினைப்பார்கள்.

டி-சர்ட்டில் வருவது 'கிராஃபிட்டி பிரிண்ட்' என்றே இருக்கட்டும். பட்டறைக்காரர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அது சுவரையே பார்த்திராத சரக்கு, அதற்குத் தமிழ்ச் சுவரின் பெயர் எதற்கு? எழுத்துக்கூட்டல் மட்டும் 'கிராபிட்டி', 'கிராஃபிடி', 'கிராஃப்டி' என்று ஆளுக்கொன்றாக எழுதாமல் 'கிராஃபிட்டி' என்று எழுதினால் தேடுகிறவருக்கு வசதி.