நசெல்: ஓடமாகப் பிறந்த சொல்

போன மாதம் மயிலாப்பூரில் நண்பர் வீட்டு மாடியில் உட்கார்ந்து, ஸ்டார் ட்ரெக் என்ற அமெரிக்க விண்வெளித் தொலைக்காட்சித் தொடரின் எண்டர்பிரைஸ் விண்கல மாடலை ஒட்டிக்கொண்டிருந்தோம். தட்டு மாதிரி இருக்கும் முன்பகுதி சட்டென்று பொருந்திவிட்டது. பின்னால் சாய்வாக எழும்பும் இரண்டு மெல்லிய கைகளும் அவற்றின் நுனியில் நிற்கவேண்டிய நீண்ட உருளைகளும்தான் பாடாய்ப்படுத்தின. பசை காயும்வரை விரலை எடுக்க முடியவில்லை.

"எஞ்சினைப் போய் யாராவது குச்சி மேல வைப்பாங்களா? உடம்புக்குள்ள வெச்சிருக்கலாம்ல" என்றார் நண்பர்.

"எஞ்சின் உள்ளேதாம்ப்பா இருக்கு" என்றாள் அவர் மகள்.

இருவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. அந்த உருளையை நாம் எல்லோரும் 'எஞ்சின்' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அதன் பெயர் நசெல். கதைப்படி ஆற்றலை உண்டாக்கும் உலை கலத்தின் உடலுக்குள் இருக்கிறது. அந்த ஆற்றலை வாங்கி விண்வெளியையே வளைக்கும் சுருள்கள்தான் நசெலுக்குள் இருக்கின்றன. எஞ்சின் எங்கே இருக்கவேண்டும் என்று ரசிகர்கள் போடும் சண்டையில் பாதி, இந்த இரண்டுக்கும் ஒரே பெயரை வைப்பதால் வருவது.

நசெல் பிரெஞ்சுச் சொல். பொருள், சின்னப் படகு. கப்பலைக் குறிக்கும் லத்தீன் 'நாவிஸ்' என்பதன் குறுவடிவமான 'நாவிசெல்லா'விலிருந்து வந்தது. வடமொழியின் 'நௌ'வுக்கும் இதே வேர்தான். "கடலோடும் நாவாயும் ஓடா நிலத்து" என்று வள்ளுவர் சொல்லும் நாவாயும் ஒலியில் பக்கத்தில் நிற்கிறது. ஆனால் அந்த உறவைப் பற்றி அறிஞர்களிடையே ஒத்த கருத்து இல்லை.

1783இல் பிரான்சில் மனிதர்கள் பலூனில் பறக்கத் தொடங்கினார்கள். பலூனுக்குக் கீழே ஆள் நிற்கும் கூடைக்கு இந்தப் படகுப் பெயர் ஒட்டிக்கொண்டது. அப்புறம் விமானம் வந்தது. தொடக்கத்தில் விமானி உட்காரும் கூட்டை நசெல் என்றார்கள். பிறகு ஆள் இறங்கி எஞ்சின் ஏறியது: உடலுக்கு வெளியே எஞ்சினை மூடியிருக்கும் கூட்டுக்கு அதே பெயர். நம் 'கலம்' போன வழியும் இதுதான். மட்கலத்திலிருந்து மரக்கலம், மரக்கலத்திலிருந்து விண்கலம்.

எஞ்சினை எங்கே வைப்பது என்பது நிஜ விமானங்களிலும் தீராத கேள்வியாகத்தான் இருந்தது. 1949இல் பறந்த காமெட் ஜெட் விமானத்தில் எஞ்சின்கள் இறக்கை உடலோடு சேரும் இடத்துக்குள்ளேயே புதைந்திருந்தன. போயிங் அவற்றை இறக்கைக்குக் கீழே தொங்கவிட்டது. தீப்பிடித்தால் உடலிலிருந்து தள்ளி இருக்கும், கழற்றி மாட்டுவது சுலபம். மீனம்பாக்கத்தில் பஸ்ஸில் கொண்டுபோய் விமானத்தருகே இறக்கிவிடும்போது, அது போயிங் 737 ஆக இருந்தால் நசெலின் வாயைப் பாருங்கள். அடிப்பக்கம் கொஞ்சம் தட்டையாக இருக்கும். தரைக்கும் இறக்கைக்கும் இடைவெளி குறைவு. 1980களில் பெரிய எஞ்சின் மாட்டவேண்டி வந்தபோது, அடியில் இருந்த துணைக் கருவிகளைப் பக்கவாட்டுக்கு நகர்த்திக் கூட்டைத் தட்டையாக்கினார்கள்.

எண்டர்பிரைஸை வரைந்த மேட் ஜெஃப்ரீஸ் விமானம் ஓட்டத் தெரிந்தவர். இவ்வளவு ஆற்றல் கொண்ட எஞ்சின் ஆபத்தானது, ஆட்கள் இருக்கும் இடத்திலிருந்து தள்ளியே இருக்கவேண்டும் என்பது அவர் எண்ணம். 1966 செப்டம்பர் 8இல் ஒளிபரப்பான அந்த வடிவத்தில் நண்பர் கேலி செய்த 'குச்சி'க்குக் காரணம் அதுதான். எனக்கு இது சரியாகவே படுகிறது. டிரைவர் பக்கத்தில் எஞ்சின் இருக்கும் பழைய மாநகரப் பேருந்தில், பானட்டை ஒட்டி நின்று தாம்பரம்வரை போனவர்களுக்குத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

எண்ணிக்கையிலும் வழக்கு உண்டு. நசெல்கள் ஜோடியாகத்தான் இருக்கவேண்டும் என்ற விதியைத் தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பெரியின் பெயரில் சொல்வார்கள். 1994இல், ஸ்டார் ட்ரெக் வரிசையில் பின்னால் வந்த 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரின் கடைசிக் கதையில் மூன்று நசெல் வைத்த எண்டர்பிரைஸ் வந்தது. 2009இல் வந்த ஸ்டார் ட்ரெக் படத்தின் கெல்வின் என்ற கலத்துக்கு ஒன்றே ஒன்று.

சரி, தமிழில் என்ன சொல்வது? வேர்ப்பொருளைப் பிடித்துக்கொண்டு 'சிறுபடகு' என்றால் யாருக்கும் புரியாது. 'உறை' என்று சிலர் சொல்வார்கள். வாளுறை, தலையணை உறை எல்லாம் உள்ளிருப்பதை இறுக்கிப் போர்த்துபவை. நசெல் அப்படியில்லை, தனக்கென்று ஒரு வடிவம் உள்ளது. மைக்கூடு, நெஞ்சுக்கூடு, குருவிக்கூடு என்று நாம் சொல்லும் 'கூடு'தான் அதற்குப் பொருத்தம்.

எஞ்சின் கூடு என்றே சொல்லிவிடலாமே என்றால், காற்றாலை குறுக்கே வருகிறது. முப்பந்தலில் நிற்கும் காற்றாலைகளின் உச்சியில், இறக்கைக்குப் பின்னால் ஒரு பெட்டி தெரியும். அதற்கும் நசெல் என்றுதான் பெயர். அதற்குள் பல்சக்கரப் பெட்டியும் மின்னாக்கியும் இருக்கும், எஞ்சின் இருக்காது. எண்டர்பிரைஸின் நசெலுக்குள்ளும் சுருள்கள்தானே. 'பொறி' எந்த இயந்திரத்துக்கும் பொதுவான சொல். அதனால் பொறிக்கூடு. விமானம், காற்றாலை, விண்கலம் மூன்றுக்கும் இந்த ஒரு சொல் போதும்.

கூட்டைத் தாங்கும் அந்த மெல்லிய கைக்குப் பைலான் என்று பெயர். கிரேக்கத்தில் அது பெரிய வாசலைக் குறித்த சொல். அதற்குத் 'தாங்குகை' என்று வைத்துக்கொள்ளலாம். மயிலாப்பூர் மாடலில் இடது தாங்குகை அன்றிரவே விட்டுக்கொண்டது. அடுத்த ஞாயிறு மறுபடி ஒட்டினோம், இந்த முறை உள்ளே ஒரு குண்டூசியும் வைத்து.