புரட்சிப் பாடலா, எதிர்ப்புப் பாடலா?

ஆவணப்படம் ஒன்றின் தமிழ் வசனவரிகளில் அமெரிக்க ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடே 'புரட்சிப் பாடகி' என்றும், அவர் 1939-இல் பதிவு செய்த 'ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்' ஒரு 'புரட்சிப் பாடல்' என்றும் குறிக்கப்பட்டதைக் கண்ட பிறகே இதை எழுதத் தோன்றியது. ஆங்கிலத்தில் 'புரொட்டெஸ்ட் சாங்' (எதிர்ப்புப் பாடல்) என்று எங்கே வந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு 'புரட்சிப் பாடல்' என்று போட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது, பலமுறை பொறுத்தாயிற்று.

சொற்பிறப்பைச் சுருக்கமாக முடித்துவிடலாம். 'புரொட்டெஸ்ட்' என்பதன் மூலம் லத்தீன்: 'புரோ' என்றால் முன்னால், வெளிப்படையாக, 'டெஸ்டாரி' என்றால் சான்று பகர்தல். எதிர்த்தல் என்ற பொருள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. 'புரட்சி' என்பதோ 'புரள்' என்னும் அடியிலிருந்து வந்தது. மேலது கீழாகவும் கீழது மேலாகவும் ஆகிவிடுவது. (பொய்யைக் குறிக்கும் 'புரட்டு' என்பதும் அதே குடும்பம்தான், அது வேறு கதை.) ஆக, முன்னது வாய்திறந்து சொல்லும் செயல், பின்னது நடந்து முடிந்தால் மட்டுமே அப்பெயர் பெறும் விளைவு.

ஹாலிடேயின் அந்தப் பாட்டையே எடுத்துக்கொள்வோம். நியூயார்க்கின் கஃபே சொசைட்டி விடுதியில் அதை நிகழ்ச்சியின் கடைசியாகத்தான் பாடுவார். பரிமாறுபவர்கள் வேலையை நிறுத்திவிட வேண்டும். விளக்குகள் அணைக்கப்பட்டு, அவர் முகத்தில் மட்டும் ஒளி விழும். பாடி முடித்தபின் கைதட்டலுக்காக அவர் திரும்பி வரமாட்டார். 'எழுங்கள்' என்றோ 'திரளுங்கள்' என்றோ அதில் ஒரு சொல்கூட இல்லை. கறுப்பின மக்களைக் கும்பலாகச் சேர்ந்து கொன்று மரத்தில் தொங்கவிட்ட காட்சியைக் கண்டவர் சொல்வதுபோல் சொல்கிறது, அவ்வளவுதான். சான்று பகர்தல் என்ற பழம்பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. அத்தகைய கும்பல் கொலையைக் கூட்டாட்சிக் குற்றமாக்கும் சட்டம் அமெரிக்காவில் கையெழுத்தானதோ 2022-இல். பாட்டுக்கும் சட்டத்துக்கும் இடையே 83 ஆண்டுகள். இதைப் 'புரட்சிப் பாடல்' என்பவர் அந்த 83 ஆண்டுகளை ஒரே சொல்லால் அழித்துவிடுகிறார்.

இதற்கு மறுப்பாகப் போர்ச்சுகலைக் காட்டுவார்கள். 1974 ஏப்ரல் 25 பின்னிரவில் வானொலியில் 'கிராந்தொலா, விலா மொரேனா' என்ற பாட்டு ஒலித்தது. அதுவே அடையாளமாகப் படைப்பிரிவுகள் புறப்பட்டன. பல பத்தாண்டுக் கால எதேச்சாதிகாரம் ஒரே நாளில் சரிந்தது. உண்மைதான். ஆனால் அதற்குச் சுமார் ஒன்றரை மணிநேரம் முன்னர், ஆயத்தமாகும்படி ஒலித்த முதல் அடையாளம் ஒரு காதல் பிரிவுப் பாட்டு! அடையாளமாக ஒலித்ததெல்லாம் புரட்சிப் பாடல் என்றால், அந்தக் காதல் பாட்டையும் அப்படித்தான் அழைக்க வேண்டியிருக்கும். ஆட்சியை வீழ்த்தியவர்கள் படையினரும் அவர்களோடு தெருவில் இறங்கிய மக்களும். பாட்டு அவர்களுக்கு நேரம் சொன்னது. எஸ்தோனியாவில் 1980-களின் இறுதியில் தொடங்கி 1991-இல் விடுதலையில் முடிந்த இயக்கத்துக்கு வழங்கும் பெயரையும் கவனிக்க வேண்டும்: அது 'பாடும் புரட்சி'. அங்கே புரட்சி செய்தவர்கள் மக்கள். அவர்கள் பாடிக்கொண்டு செய்தார்கள். சொற்களை இடம் மாற்றினால் செய்தவரே மாறிப்போவார்.

புரட்சியின்போதே அதற்காகவே பாடப்பட்ட பாட்டுகளுக்கு 'புரட்சிப் பாடல்' என்ற பெயர் பொருந்தும் என்பதை நான் மறுக்கவில்லை. 1792-இல் ரைன் படைக்காக எழுதப்பட்டு, பிரெஞ்சுப் புரட்சியின் குரலாகிப்போன 'லா மார்செயேஸ்' அத்தகையது. அதை எழுதிய ரூஜே தெ லீல் என்பவரை அதே புரட்சி அடுத்த ஆண்டு சிறையில் தள்ளியது என்பதை மட்டும் மொழிபெயர்ப்பாளர்கள் மறந்துவிடக் கூடாது.

'போராட்டப் பாடல்' என்பதைச் சிலர் பரிந்துரைக்கிறார்கள். அது இன்னும் நேர்மையான சொல். ஊர்வலத்திலும் வேலைநிறுத்தத்திலும் பலர் சேர்ந்து பாடுவதற்கு அதுவே சரி. அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தில் பாடப்பட்ட 'வி ஷல் ஓவர்கம்' ('நாம் வெல்வோம்') அப்படிப்பட்டது. 1965 மார்ச்சில் அமெரிக்க அதிபர் ஜான்சனே நாடாளுமன்றத்தில் அத்தொடரைச் சொன்னார், வாக்குரிமைச் சட்டம் அதே ஆகஸ்டில் வந்தது. ஆனால் அவரை அப்படிச் சொல்ல வைத்தது, அதற்கு ஒரு வாரம் முன்னர் அலபாமா மாநிலத்துச் செல்மா நகரின் பாலத்தில் வாக்குரிமை கேட்டு ஊர்வலம் போய் காவலர்களிடம் அடிவாங்கியவர்களின் போராட்டம். இருட்டறையில் ஒருத்தி தனியே நின்று பாடுவதற்கு இச்சொல் அகலமாகிவிடுகிறது.

ஆகவே பொதுச்சொல்லாக 'எதிர்ப்புப் பாடல்' போதும். சான்று என்ற பழம்பொருள் அதில் இல்லை என்பது குறைதான். 'சான்றுப் பாடல்' என்று புதிதாகப் படைத்தாலோ பதிவாளர் அலுவலக வாடை வீசும். சுருக்குகிறேன் என்று 'எதிரிசை' ஆக்குபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அது இசைக்கு எதிரானது என்றோ, எதிரெதிராகச் செல்லும் இரு சுரவரிசைகள் என்றோதான் ஒலிக்கும்.

பற்பசையிலும் கைப்பேசியிலும் 'புரட்சி' செய்து முடித்த விளம்பரக்காரர்களிடமிருந்துதான் வசனவரி எழுதுபவர்கள் இச்சொல்லை எடுத்துக்கொண்டார்களோ என்ற ஐயம் எனக்கு உண்டு. அடுத்த பதிப்பிலாவது ஹாலிடேயைப் 'பாடகி' என்று மட்டும் போட்டால் போதும்.