பெல்ட்டு தொங்கினால் நியூட்ரல்

மாதவரத்தில் வீட்டுக்குப் பின்னால் இரண்டரை சென்ட் இடம். கீரை போடலாமென்று ஒரு சின்ன டில்லரை வாடகைக்கு எடுத்து வந்தோம். ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆனது. கைப்பிடிக்குக் கீழிருந்த லீவரை அழுத்தினால் இன்ஜின் கத்தியதே தவிர, மண்ணைக் கிளறும் கத்திகள் அசையவில்லை. ரப்பர் தீய்கிற வாடை வேறு.

மூலக்கடையிலிருந்து வந்த மெக்கானிக் முதலில் பிளக் வயரைப் பிடுங்கினார். பிறகு பக்கவாட்டு மூடியைக் கழற்றினார்.

"கிளட்ச் போச்சாண்ணே?"

"இன்னா சார், இந்த பெல்ட்டுதான் கிளட்ச்சே!"

பைக்கில் உள்ளதுபோல கிளட்ச் பிளேட் இந்த வண்டியில் கிடையாது. இன்ஜினில் சின்ன புல்லி, கியர் பெட்டியில் பெரிய புல்லி, இரண்டையும் சுற்றி ஒரு வி-பெல்ட்டு, அவ்வளவுதான். லீவரை விட்டிருந்தால் பெல்ட்டு தொளதொளவென்று தொங்கும். இன்ஜின் புல்லி அதற்குள் சும்மா வழுக்கிச் சுற்றும். லீவரை அழுத்தினால் கேபிள் இழுத்து, ஐட்லர் என்கிற மூன்றாவது குட்டிப் புல்லி பெல்ட்டின் முதுகில் அழுந்தும். தொய்வு போய் பெல்ட்டு விறைக்கும், கத்தி சுற்றும்.

சூட்சுமம் பெல்ட்டின் வடிவத்தில் இருக்கிறது. அதன் அடிப்பக்கம் புல்லியைத் தொடவே கூடாது. சரிந்த இரண்டு பக்கங்களும்தான் பள்ளத்துச் சுவரில் ஆப்புபோல இறுக வேண்டும். பள்ளத்தின் கோணம் 38 டிகிரி என்றால், அதே இழுவிசைக்குத் தட்டை பெல்ட்டைவிட ஏறக்குறைய 3 மடங்கு பிடிப்பு கிடைக்கும். தேய்ந்து மெலிந்த பெல்ட்டு கீழே இறங்கி அடியைத் தொட்டதோ, ஆப்பு போச்சு. எங்கள் பெல்ட்டின் பக்கங்கள் கண்ணாடியாய்ப் பளபளத்தன. புல்லிப் பள்ளத்தின் அடியிலும் மினுமினுப்பு.

கேபிள் நட்டைத் திருகிச் சமாளிக்கலாம்தான். ஆனால் அளவுக்கு மீறி இறுக்கினால், லீவரை விட்ட பிறகும் கத்தி மெல்லச் சுற்றிக்கொண்டே இருக்கும். புது பெல்ட்டே போட்டுவிட்டோம்.

கையை எடுத்ததும் ஐட்லரைப் பின்னுக்கு இழுப்பது ஒரு ஸ்பிரிங். கை வலிக்கிறதென்று லீவரைச் சைக்கிள் டியூப்பால் கட்டிவிட்டு ஓட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். தடுக்கி விழுந்தால் வண்டி நிற்காது. ரிவர்ஸில் என்றால் நம் மேலேயே வரும். அதனால்தான் பல வண்டிகளில் ரிவர்ஸ் போட்டால் கத்தி ஓடாது.

மீஞ்சூர் பக்கம் வயலில் ஓடும் பெரிய பவர் டில்லரில் இன்னொரு வேடிக்கை. இடக்கை லீவரைப் பிடித்தால் இடது சக்கரத்துக்கு இன்ஜின் தொடர்பு அறுந்துபோகும். வலது சக்கரம் மட்டும் தள்ள, வண்டி இடப்பக்கம் திரும்பும். செங்குத்தான இறக்கத்தில் அதே லீவர் வண்டியை வலப்பக்கம் திருப்பிவிடும்! அங்கே வண்டியைத் தள்ளுவது சரிவு. இன்ஜின் பிடித்து நிறுத்தத்தான் பார்க்கிறது. தொடர்பு அறுந்த இடது சக்கரம் கட்டவிழ்ந்து உருள, வலது சக்கரம் இன்ஜின் பிடியிலேயே தயங்குகிறது.

குட்டியானையிலிருந்து பலகை வழியாக ஒருவர் பவர் டில்லரை இறக்கியதைப் பார்த்தேன். விரல் ஒன்றும் லீவர் பக்கம் போகவில்லை. கைப்பிடியை இடுப்பால் முட்டி முட்டியே நேராக்கிக்கொண்டு இறங்கினார்.