திமிங்கலக் கட்டி கைக்கு வந்தால் 48 மணி நேரம்தான்

கடலில் வாழும் உயிர்களில் மிகப் பெரியது நீலத் திமிங்கலம். 30 மீட்டர் வரை வளரும். ஆனால் கடற்கரையே இல்லாத நம் வேலூர்ப் பக்கத்துக்காரர்களை வழக்கில் மாட்டிவிடுவது ஸ்பெர்ம் திமிங்கலம். அது விழுங்கிய கணவாய்களின் செரிக்காத அலகுகளைச் சுற்றிக் குடலில் மெழுகுபோல் திரளும் கட்டியே அம்பர்கிரிஸ். செய்தித்தாள்கள் 'திமிங்கல உமிழ்நீர்' என்று எழுதுவதும் இதைத்தான்.

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இதை விற்பதும் வாங்குவதும் வைத்திருப்பதும் குற்றம். 2022-இல் செய்யப்பட்ட திருத்தத்துக்குப் பின், ஸ்பெர்ம் திமிங்கலம் இடம்பெற்றுள்ள முதல் அட்டவணை விலங்குகள் தொடர்பான குற்றத்துக்கு 3 முதல் 7 ஆண்டு வரை சிறையும், 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு.

குடியாத்தத்தில் 'குட்டி யானை' என்னும் சிறு சரக்கு வண்டி ஓட்டும் ஒருவரை எனக்குத் தெரியும். தெரிந்தவர் கொடுத்த கோணிப்பையைக் காட்பாடியில் சேர்க்க வாடகை பேசினார். பழைய செய்தித்தாளில் சுற்றியிருந்த சாம்பல் நிறக் கட்டிகளைச் சாம்பிராணி என்றே நினைத்தார். பையைக் கொடுத்தவர் தப்பிவிட்டார்; இவர் கைதானார், வண்டியும் பறிமுதலானது. வண்டிக் கடனின் தவணை மட்டும் நிற்கவில்லை. அவருடைய மனைவியோடு அலுவலகம் அலுவலகமாக நானும் அலைந்தேன்; 'கோப்பு மேலே போயிருக்கிறது' என்பதைத் தவிர வேறு பதில் கிடைக்கவில்லை.

முதல் பொறி இதுதான்: பொருள் உங்களிடம் இருந்தது என்று நிறுவப்பட்டால், சட்டவிரோதமாகவே வைத்திருந்தீர்கள் என்று சட்டத்தின் 57-ஆம் பிரிவு கருதும்; இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். 'கடல் ஒதுக்கிய கழிவுதானே' என்ற வாதம் கைதைத் தடுக்காது. பயந்துபோய் எரிப்பதோ பாலாற்றில் வீசுவதோ இன்னும் ஆபத்து, ஏனெனில் சட்டப்படி இது அரசுச் சொத்து; அதை அனுமதியின்றி அழிப்பதையும் 39-ஆம் பிரிவு தடை செய்கிறது. ஒப்படைத்தால் அரசு பங்கு தரும் என்று சொல்பவரையும், விற்பதற்கு வனத்துறை அனுமதிக் கடிதம் இருப்பதாகக் காட்டுபவரையும் நம்பாதீர்கள்.

அப்படி ஒரு பொருள் கைக்கு வந்துவிட்டால், 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ அதிகாரம் பெற்ற வன அலுவலரிடமோ தெரிவிக்க வேண்டும். நடைமுறையில் காவல் நிலையத்தில் 'இது ஃபாரஸ்ட் விஷயம்' என்பார்கள்; வனச்சரக அலுவலகத்தில் 'ரேஞ்சர் கேம்ப்' என்பார்கள்; 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகு, 'உங்கள் ஊர் ராணிப்பேட்டைக்குப் போய்விட்டது' என்ற பதிலும் சேர்ந்துகொண்டது. இந்த அலைச்சலில் கரைவது உங்களுடைய 48 மணி நேரம்.

ஆகவே வெறுங்கையோடு போகாதீர்கள். பொருள் எப்போது, எங்கே, யார் மூலம் வந்தது என்பதை நேரத்தோடு எழுதி, இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு செல்லுங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றொன்றில் முத்திரையும் கையெழுத்தும் கேளுங்கள். காவல் நிலையமென்றால் சி.எஸ்.ஆர் ரசீது (மனு பெற்றதற்கான ஒப்புகைச் சீட்டு) வாங்காமல் வெளியே வராதீர்கள். உங்கள் மனுவை அவர்கள் வாங்க மறுத்தால், அன்றைக்கே அதை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும் மாவட்ட வன அலுவலருக்கும் விரைவுத் தபாலில் அனுப்பி, தபால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

ஏற்கெனவே கைதாகியிருந்தால், வழக்கறிஞருக்காக நகையை அடகு வைக்க ஓடுமுன் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குச் செல்லுங்கள், அல்லது 15100 என்ற எண்ணை அழையுங்கள். காவலில் இருப்பவருக்கு இலவச வழக்கறிஞர் பெறும் உரிமை உண்டு; அதற்கு வருமானச் சான்றிதழ் தேவையில்லை, கேட்டாலும் அலையாதீர்கள்.