சுரைக்குடுவை செய்யறீங்களா? தூசியயும் கசப்பயும் கொஞ்சம் கவனிங்க

சுரைக்குடுவையில லேம்ப், பூச்சட்டி, உண்டியல், பறவைக்கூடுன்னு செஞ்சு விக்கறவங்க இப்ப நெறைய பேர் ஆயிட்டாங்க, ரீல்ஸ் பாத்துட்டு வகுப்புக்கு வர்றவங்களும் கூடியிருக்காங்க, சந்தோஷம்தான். ஆனா வர்றவங்க டிசைன் எப்படி போடறது, கலர் எங்க கெடைக்கும்னு கேக்கறாங்களே தவிர குடுவைக்குள்ள இருக்கற தூசி பத்தி ஒருத்தரும் வாயத் தொறக்கறதில்ல. இயற்கைப் பொருள்தானே, என்ன பண்ணிடப் போகுதுன்னு ஒரு நெனப்பு. நல்லாவே பண்ணும்.

மொதல்ல பட்டம், அதாவது வெதைக்கற பருவம். கறிக்குன்னா ஆடிப்பட்டம் சரி, குடுவைக்கு நான் தைப்பட்டம்தான் சொல்லுவேன். காய் கொடியிலயே முத்தி காம்பு காஞ்சு பழுப்பாகற வரைக்கும் விடணும், ஆடியில போட்டா அந்த நேரம் ஐப்பசி கார்த்திகை மழையில மாட்டிக்கும், தரையில கெடக்கற காய் அடிப்பக்கம் ஊறி அழுகிடும். தையில போட்டா சித்திரை வைகாசி வெயில் பாத்துக்கும். நகத்தால கீறிப் பாத்து நகம் இறங்குச்சுன்னா பறிக்காதீங்க, இளங்காய் காயறப்ப சுருங்கிப் போயிடும். பறிச்சதுக்கு அப்புறம் நிழல்ல காத்தோட்டமா தொங்க விடுங்க, சைஸப் பொறுத்து சில மாசம் ஆகும், அவசரப்பட்டு ஒண்ணும் நடக்காது. காயறப்ப தோல் மேல கருப்பா சாம்பலா பூசணம் படரும், அத பாத்துட்டு கெட்டுப்போச்சுன்னு குப்பையில போட்டவங்க எத்தனையோ பேர். அமுக்கிப் பாருங்க, கெட்டியா இருந்தா காய் நல்லா இருக்கு, மேல் தோல்ல இருந்த ஈரம் வெளிய போறப்ப பூசணம் வரத்தான் செய்யும். ஆட்டினா வெதை கலகலன்னு சத்தம் வரணும், அதான் பதம்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். காஞ்ச குடுவையோட கழுத்த ரம்பத்தால அறுத்துத் தொறந்தா உள்ள சதையெல்லாம் காஞ்சு காகிதம் மாதிரி ஓட்டோட ஒட்டியிருக்கும், வெதை அதுல சிக்கியிருக்கும், கவுத்து ஒரு தட்டு தட்டினா சாம்பல் கலர்ல புகையா ஒண்ணு கெளம்பும் பாருங்க, அது வெறும் தூசி கெடையாது, பூசண வித்தும் அதுல கலந்திருக்கு. மூடின ரூம்ல ஃபேனப் போட்டுக்கிட்டு உப்புத்தாள் தேய்க்கறவங்களுக்கு அன்னிக்கு சாயங்காலம் குளிர் காய்ச்சல், வறட்டு இருமல், நெஞ்சு இறுக்கம்னு வரலாம், தூசி உள்ள போன ஒடனே வராம நாலஞ்சு மணி நேரம் கழிச்சு வர்றதால சளி புடிச்சிருச்சுன்னு மாத்திரை போட்டுட்டு மறுநாள் திரும்ப அதே வேலைக்கு ஒக்காந்துடுவாங்க. இது அலர்ஜியா நுரையீரல பாதிக்கற விஷயம், திரும்பத் திரும்ப நடந்தா நுரையீரல் நெரந்தரமா கெட்டுப் போகலாம். குடுவை வேலை செஞ்ச நாள்ல மட்டும் காய்ச்சல் வருதுன்னா டாக்டர்கிட்ட போறப்ப நீங்க என்ன வேலை செய்யறீங்கன்னு வாயத் தொறந்து சொல்லுங்க, சொல்லாம அவருக்குத் தெரியாது.

கர்ச்சீப்போ துணி மாஸ்க்கோ கட்டினா பத்தாது, என்95 வேணும், மூக்கு மேல கம்பிய அழுத்தி விடணும். அதவிட நல்ல வழி, தூசியே கெளம்பாம ஈரத்துல சொரண்டறது. குடுவைக்குள்ள தண்ணி ஊத்தி ஒரு ராத்திரி விட்டா சதை ஊறி, பழைய கரண்டியால வழிச்சாலே வந்துரும். வெளித்தோலும் அப்படித்தான், ஈரத்துணி சுத்தி வெச்சுட்டு பாத்திரம் தேய்க்கற கம்பி நார்ல தேச்சா போதும். ஆஸ்துமா இருக்கறவங்க இந்த வேலைய வேற ஆளுகிட்ட விட்டுட்டு பெயிண்டிங்ல ஒக்காருங்க. சத்தீஸ்கர்ல பஸ்தர் பக்கம் ஆதிவாசிங்க தும்பான்னு சொல்ற குடுவையில சூடு வெச்ச கத்தியால கோடு கோடா சுட்டு அழகா டிசைன் போடுவாங்க, இங்கயும் நெறைய பேர் சூட்டுக்கோல் வாங்கிட்டாங்க, அந்தப் புகையும் மூஞ்சிக்கு நேரா வராம ஒக்காரணும்.

அடுத்தது கசப்பு. கைவினைக்குன்னு வளக்கற ரகம் பலதும் கசக்கும், பேய்ச்சுரைன்னு நம்ம ஊர்ல சொல்றது அதத்தான். கசப்புக்குக் காரணம் குக்குர்பிட்டசின்னு ஒரு நச்சு. 2010ல டெல்லில கசந்த சுரைக்காய் ஜூஸ் குடிச்ச ஒரு விஞ்ஞானி எறந்தே போனார், அதுக்கப்புறம் ஐசிஎம்ஆர்ங்கற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஒரு நிபுணர் குழு போட்டு விசாரிச்சது. முறிவு மருந்து எதுவும் கெடையாது. அதனால துண்டு ஒண்ணு நாக்குல வெச்சுப் பாத்து கசந்தா துப்பிட்டு காயத் தூக்கிப் போடுங்க, காசு குடுத்து வாங்கினதுன்னு பாக்காதீங்க.

இதுல பலருக்கும் தெரியாத ஒண்ணு இருக்கு. தோட்டத்துல கறிச்சுரையும் பேய்ச்சுரையும் பக்கத்துல பக்கத்துல இருந்தா மகரந்தம் மாறிடும், இந்த வருஷம் கறிச்சுரையில காய்க்கற காய் ருசியா நல்லாவே இருக்கும், ஆனா அதோட வெதைய எடுத்து அடுத்த வருஷம் போட்டா கசக்கலாம். அத கறிக்குன்னு பக்கத்து வீட்டு அக்காவுக்குக் குடுத்தீங்கன்னா? சுரைப்பூ சாயங்காலந்தான் விரியும், அதனால விரியறதுக்கு முந்தியே ஆண் மொட்டு பெண் மொட்டு ரெண்டயும் நூல் சுத்திக் கட்டிட்டு, பொழுது சாஞ்சதும் நீங்களே கையால தொட்டு வெச்சுட்டு பெண் பூவத் திரும்பக் கட்டிடுங்க, அந்தக் காய்லருந்து மட்டும் வெதை எடுங்க. வெதைத் திருவிழாவுக்கு கொண்டு போற பாக்கெட்ல 'கைவினைக்கு மட்டும், சாப்பிடக் கூடாது'ன்னு கொட்டையா எழுதுங்க.

தண்ணிக்குடுவை, டம்ளர் கேக்கறவங்களுக்கு: ஓட்டுலயும் கசப்பு இருக்கும், தண்ணி ஊத்தி வெச்சு தெனம் மாத்தி மாத்திப் பாருங்க, பல நாள் ஆகியும் கசப்பு போகலேன்னா அது லேம்ப்தான், டம்ளர் இல்ல. உள்பக்கம் வார்னிஷ் அடிக்கவே அடிக்காதீங்க. கென்யால கலெஞ்சின் மக்கள் குடுவைக்குள்ள மரக்கரியத் தேச்சு அதுல பால ஊத்தி முர்சிக்னு புளிக்க வெப்பாங்க. நான் சுத்தமான தேன்மெழுகத்தான் உருக்கி உள்ள சுத்தி விடறேன், ஆனா அது 60 டிகிரிக்கு கொஞ்சம் மேல போனாலே உருகிடும், அதனால சூடா காபி ஊத்த முடியாது, தண்ணி, மோர் மட்டும்தான். அதயும் வாங்கறவங்களுக்கு ஒரு அட்டையில எழுதியே குடுத்துடறேன்.