தேர்தல் விளம்பரம் எப்படி வைரலாகிறது?

1964 செப்டம்பர் 7 இரவு அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒரு நிமிட விளம்பரம் ஓடியது. ஒரு சிறுமி பூவின் இதழ்களை எண்ணியபடியே பிய்க்கிறாள். அவள் குரல் நின்றதும் ஓர் ஆண் குரல் பத்திலிருந்து இறங்கு வரிசையில் எண்ணுகிறது. அணுகுண்டு வெடிக்கிறது. அதிபர் லிண்டன் ஜான்சனுக்கு வாக்குக் கேட்ட அந்த விளம்பரத்தில் எதிர்வேட்பாளர் பேரி கோல்ட்வாட்டரின் பெயரே வரவில்லை. காசு கொடுத்து ஒளிபரப்பியது அந்த ஒரே முறைதான். அப்புறம் செய்தி நிகழ்ச்சிகளே அதை எடுத்துக் காட்டின.

பெயர் சொல்லாததுதான் அதன் பலம் என்பேன். அணு ஆயுதத்தைப் பயன்படுத்தலாம் என்ற தொனியில் கோல்ட்வாட்டர் பேசியது மக்கள் மனத்தில் ஏற்கெனவே இருந்தது. விளம்பரம் பயத்தைக் கிளப்பியதோடு நிறுத்திக்கொண்டது. யாரைப் பார்த்துப் பயப்படுவது என்பதைப் பார்த்தவர்களே நிரப்பிக்கொண்டார்கள். பிறர் சொன்ன குற்றச்சாட்டை மறுத்துப் பேசலாம். தன் மனம் தானே போட்ட கணக்கை மறுக்க யாருக்கும் தோன்றாது.

சரி, எந்த உணர்ச்சி வேண்டுமானாலும் பரவுமா? பரவாது. நியூயார்க் டைம்ஸில் மூன்று மாதங்களில் வந்த ஏறத்தாழ 7,000 கட்டுரைகளை ஜோனா பெர்கரும் கேத்தரின் மில்க்மேனும் ஆராய்ந்து 2012இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பிரமிப்பும் கோபமும் பதற்றமும் தந்த கட்டுரைகள் அதிகம் பகிரப்பட்டன. சோகமானவை குறைவாகவே பகிரப்பட்டன. கோபத்தில் இதயம் வேகமாக அடிக்கிறது, உடல் எதையாவது செய்யத் துடிக்கிறது. கையில் போன் இருந்தால் பகிர்வதுதான் மிகச் சுலபமான செயல். சோகமோ ஆளை ஒடுங்கி உட்கார வைத்துவிடும்.

நகைச்சுவையின் வழி வேறு. எதிர்பார்த்தது உடைந்து, இன்னொரு பொருள் சட்டென்று புரியும்போதுதான் சிரிப்பு வருகிறது. அந்தப் பொருளைத் தேடுவதில் கவனம் செலவாகிவிடுவதால் எதிர்வாதம் யோசிக்க மிச்சம் இருப்பதில்லை. ஆனால் அதே மூளை 'சும்மா ஜோக்தானே' என்று செய்தியையும் சேர்த்துத் தள்ளிவிடுகிறது. ராபின் நாபி குழுவினரின் 2007 ஆய்வு இந்த இரண்டையுமே கண்டது. விளம்பரக்காரர்களுக்கு இது முன்பே தெரிந்திருந்தது போலும். 1968இல் அதிபர் வேட்பாளர் ஹூபர்ட் ஹம்ப்ரியின் தரப்பு வெளியிட்ட விளம்பரத்தில், எதிரணியின் துணை அதிபர் வேட்பாளரான ஸ்பைரோ அக்னியூ துணை அதிபரா என்று ஒருவர் அடக்க முடியாமல் சிரிக்கிறார். கடைசியில் திரையில் வரும் வரியின் சாரம்: விஷயம் இவ்வளவு தீவிரமாக இல்லாவிட்டால் சிரிக்கலாம். சிரிப்பு செய்தியை அடித்துக்கொண்டு போகாமல் பிடித்து நிறுத்துகிறது அந்த வரி.

ஆனால் பரவுவது வேறு, மனம் மாற்றுவது வேறு. 2020இல் வெளியான ஓர் ஆய்வு, 49 அரசியல் விளம்பரங்களை சுமார் 34,000 பேரிடம் சோதித்தது. வேட்பாளர் மீதான மதிப்பு, ஐந்து புள்ளி அளவுகோலில் சராசரியாக வெறும் 0.05 புள்ளிதான் நகர்ந்தது.

அப்படியானால் எதற்கு இந்தப் பாடு? உற்சாகமூட்டும் இசையும் காட்சியும், ஏற்கெனவே ஒரு பக்கம் இருப்பவர்களின் பிடிப்பை இறுக்கி வாக்களிக்கும் ஆர்வத்தைக் கூட்டுகின்றன என்று அரசியல் ஆய்வாளர் டெட் பிரேடர் சோதனைகளில் கண்டார். 1988இல் சிலியில் சர்வாதிகாரி பினோசேயின் ஆட்சி நீடிக்கலாமா என்று பொதுவாக்கெடுப்பு நடந்தபோது, மக்களை வாக்களிக்க வரவைப்பதே பெரிய கேள்வி. 'வேண்டாம்' அணிக்கு இரவில் 15 நிமிடம் தொலைக்காட்சி நேரம் கிடைத்தது. சித்திரவதைகளையும் காணாமல்போனவர்களையும் மட்டுமே காட்டியிருந்தால், பயந்துபோயிருந்த மக்கள் இன்னும் ஒடுங்கியிருப்பார்கள். அவற்றையும் சொல்லாமல் விடவில்லை. ஆனால் வானவில் சின்னம், மகிழ்ச்சி வருகிறது என்ற பாட்டு, கேலிக் காட்சிகள் ஆகியவற்றுக்கு நடுவே வைத்துச் சொன்னார்கள். அக்டோபர் 5 அன்று, பதிவு செய்த வாக்காளர்களில் 97 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் வாக்களித்தார்கள். ஏறத்தாழ 56 சதவீதம் பேர் 'வேண்டாம்' என்றார்கள்.